நெசவாளர்கள் தங்கள் காசில் வெட்டிவைத்த கல்



இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள். தேர்வு எதுவும் வைக்கப்போவதில்லை.

குப்தர் காலம் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். சமுத்திரகுப்தன், இரண்டாம் சந்திரகுப்தன், குமாரகுப்தன், ஸ்கந்தகுப்தன் என்று மன்னர் வரிசையை மனப்பாடம் செய்தீர்கள். மெஹ்ரோலி இரும்புத் தூண், அலகாபாத் தூண் கல்வெட்டு எல்லாம் ஒரு மதிப்பெண் கேள்விக்கு வரும். அதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு கல் உண்டு. அதைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். அது எந்த மன்னனும் வெட்டிய கல் அல்ல. பட்டு நெசவாளர்களின் சங்கம் ஒன்று தன் சொந்தப் பணத்தில் வெட்டிவைத்த கல். நெசவாளர் ஊரில் 30 ஆண்டுகளுக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், அந்தக் கல்லைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

முதலில் சங்கம் என்றால் என்ன என்று பார்ப்போம். பழைய வடமொழி, பிராகிருதக் கல்வெட்டுகளில் 'சிரேணி' என்று ஒரு சொல் வரும். ஒரே தொழில் செய்பவர்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட அமைப்பு அது. குயவர்களுக்கு ஒரு சிரேணி, எண்ணெய் ஆட்டுபவர்களுக்கு ஒரு சிரேணி, நெசவாளர்களுக்கு ஒரு சிரேணி. தலைவர் உண்டு, விதிகள் உண்டு, பொதுச் சொத்து உண்டு. உறுப்பினர் விதியை மீறினால் தண்டனையும் உண்டு. ஐரோப்பாவில் 'கில்டு' என்பார்களே, ஏறத்தாழ அதுதான். ஆனால் நம் நாட்டுச் சிரேணிகள் இடைக்கால ஐரோப்பியக் கில்டுகளைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை.

இந்தச் சங்கங்களை மக்கள் எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு நாசிக்கில் சான்று இருக்கிறது. நகரத்துக்கு வெளியே குன்றில் குடைந்த பௌத்தக் குகைகள் உள்ளன. பாண்டவர் குகைகள் என்பார்கள். பாண்டவர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே பத்தாம் எண் குகையில் ஒரு கல்வெட்டு. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முந்தையது. நகபானன் என்ற சக மன்னனின் மருமகன் உஷவதாதன் வெட்டுவித்தது. குகையில் தங்கும் துறவிகளுக்காக அவன் 3,000 கார்ஷாபணம் நிரந்தர வைப்பாகக் கொடுத்தான். யாரிடம் கொடுத்தான் தெரியுமா? அரசாங்கக் கருவூலத்தில் அல்ல. பக்கத்தில் இருந்த கோவர்த்தனம் என்ற ஊரின் நெசவாளர் சங்கங்களிடம். ஒரு சங்கத்திடம் 2,000, இன்னொரு நெசவாளர் சங்கத்திடம் 1,000. முதல் தொகைக்கு வட்டி நூற்றுக்கு ஒன்று. இரண்டாவதற்கு நூற்றுக்கு முக்கால். முதலைத் திருப்பிக் கேட்க முடியாது. வட்டியை மட்டும் அனுபவிக்கலாம்.

இப்போது சிறு கணக்கு. கணக்கு வாத்தியார் வேலையை நான் எடுத்துக்கொள்வதில் அவருக்குக் கோபம் வராது என்று நம்புகிறேன். 2,000-க்கு மாதம் நூற்றுக்கு ஒன்று என்றால் மாதம் 20, ஆண்டுக்கு 240. கல்வெட்டு என்ன சொல்கிறது? மழைக்காலத்தில் அந்தக் குகையில் தங்கும் 20 துறவிகளுக்கு, ஆளுக்கு 12 கார்ஷாபணம் துணிச் செலவுக்கு. 20 பெருக்கல் 12, சரியாக 240. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1,000-க்கு மாதம் முக்கால் வீதம் என்றால் ஆண்டுக்கு 90. அது துறவிகளின் பிற செலவுக்கு. இந்த ஏற்பாடு முழுவதும் ஊர்ச் சபையில் அறிவிக்கப்பட்டு, ஆவணமாகப் பதிவும் ஆனது என்று கல்வெட்டு சேர்த்துச் சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். நகபானன் ஆட்சியில் இருப்பவன். அவன் குடும்பத்தில் பெண் எடுத்தவன், தலைமுறை தலைமுறையாக நடக்க வேண்டிய தர்மத்துக்கு நெசவாளர்களை நம்புகிறான். அரசு மாறும், அரண்மனை எரியும். துணி நெய்கிறவன் நாளைக்கும் நெய்வான், அவன் பிள்ளையும் நெய்வான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நெசவாளர்களும் அந்தப் பணத்தைச் சும்மா வைத்திருக்க முடியாது. நூல் வாங்கவும் தறி போடவும் முதலாக்கினால்தான் ஆண்டுக்கு 240 கொடுக்க முடியும். இன்றைய சொல்லில் சொன்னால், வைப்புத்தொகை வாங்கித் தொழிலில் போட்ட சங்கம் அது.

இந்த நம்பிக்கை காற்றில் வந்ததல்ல. பின்னால் விதிகள் இருந்தன. யாக்ஞவல்கிய ஸ்மிருதி, சங்கத்தின் பொதுச் சொத்தைக் கையாடியவனையும் சங்க ஒப்பந்தத்தை மீறியவனையும் சொத்தைப் பறித்து நாடு கடத்த வேண்டும் என்கிறது. கடுமையான தண்டனைதான். ஆனால் ஊரார் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்குக் கடுமையான விதி இல்லையென்றால் யார் நம்பிக் கொடுப்பார்கள்? நாரத ஸ்மிருதி தொழில் கற்க வரும் பையனைப் பற்றிப் பேசுகிறது. எத்தனை காலம் கற்பது என்று முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். ஆசான் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டுக் கற்றுத்தர வேண்டும், மகனைப் போல நடத்த வேண்டும், வேறு வேலைக்கு ஏவக் கூடாது. அந்தக் கடைசி விதியைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். 'தறி கத்துக்கப் போனேன் சார், ஆறு மாசம் கடைக்குத்தான் அனுப்பினாங்க' என்று சொன்ன பையன்கள் உங்களில் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் பொற்காலம் என்று பாடம் எடுக்கும் பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது. இந்தச் சங்கங்களின் கல்வெட்டுகளில் நெய்தவர்களின் பெருமை வருகிறது. நூல் நூற்றவர்கள் யார்? அதற்கு அர்த்தசாஸ்திரத்தைப் பார்க்க வேண்டும். அதில் நூல் துறைக்கென்று ஒரு கண்காணிப்பாளர் வருகிறார். கைம்பெண்கள், உடல் குறைபாடு உள்ள பெண்கள், வயதான கணிகையர், துறவு பூண்ட பெண்கள் இவர்களையெல்லாம் நூற்க வைக்க வேண்டும் என்கிறது. வீட்டை விட்டு வெளியே வராத பெண்களுக்கு வேலைக்காரிகள் வழியாகப் பஞ்சு அனுப்ப வேண்டும். நூலின் நயத்தைப் பார்த்துக் கூலி தர வேண்டும். விடியலில் நூலைக் கொண்டுவந்து தரும் பெண்ணிடம், விளக்கு வெளிச்சத்தில் நூலை மட்டும் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தாலோ வேறு பேச்சுப் பேசினாலோ அதிகாரிக்கு அபராதம். கூலி கொடுக்கத் தாமதித்தாலும் அபராதம்.

பெண்ணின் மானத்தைக் காக்கும் விதி என்ற அளவில் பாராட்டலாம். ஆனால் கவனியுங்கள். நூற்கிற பெண்ணுக்கும் அரசு அதிகாரிக்கும் நடுவில் சங்கம் எதுவும் இல்லை. அவள் தனி ஆள். நெய்கிறவனுக்கு அமைப்பு இருந்தது. நூற்கிறவளுக்குக் கூலி மட்டும் இருந்தது. நம் ஊரிலும் என்ன நடந்தது? அப்பா பெயரில் சங்கத்தில் உறுப்பினர் எண் இருக்கும். அம்மா தார் சுற்றுவார், பாவு புணைக்க உதவுவார், கோர்வைச் சேலையில் கரைப் பக்கம் நாடா போட மகளோ மகனோ உட்காருவார்கள். பாஸ்புத்தகத்தில் ஒரு பெயர்தான். 2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல், அவர்களில் நூற்றுக்கு 70-க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள் என்கிறது. வரலாறு எழுதப்படாத பக்கம் எது என்று கேட்டால் நான் அந்த 70-ஐத்தான் காட்டுவேன்.

சரி, வடக்கே இப்படி. நம் பக்கம்? சிலப்பதிகாரம் புகார் நகரத்தை வருணிக்கும்போது பட்டு, மயிர், பருத்தி மூன்றிலும் நெய்யும் காருகர்கள் இருந்த இடத்தைச் சொல்கிறது. அதற்கும் பிற்பட்ட, இன்னும் அழுத்தமான சான்று நம் காஞ்சிபுரத்திலேயே உண்டு. உத்தம சோழனின் செப்பேடு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதால் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு என்றே பெயர். அவனுடைய 16ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் கி.பி. 985. கச்சிப்பேட்டில் ஊரகத்துப் பெருமாள் கோயில், இன்று நாம் உலகளந்த பெருமாள் கோயில் என்று கும்பிடுகிற இடம், அதன் வரவு செலவு ஏற்பாடுகள் அந்தச் செப்பேட்டில் இருக்கின்றன. கோயில் காரியத்தைக் கவனிக்கும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? நகரத்தின் நான்கு பகுதிகளில் குடியிருந்த பட்டசாலிகள் என்ற நெசவாளர்களிடம். அவர்கள் சில வரிகளிலிருந்து விலக்கும் பெற்றார்கள். நாசிக்கில் நெசவாளர் வங்கி. காஞ்சியில் நெசவாளர் தணிக்கை. இடையே 800 ஆண்டுக்கும் மேல், 1,000 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். நம்பிக்கை மட்டும் அதே நம்பிக்கை.

இனி நான் முதலில் சொன்ன கல்லுக்கு வருகிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்று ஒரு நகரம். சிவ்னா ஆற்றங்கரை. பழைய பெயர் தசபுரம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில் பதிந்திருந்த கல்வெட்டு ஆய்வாளர் கண்ணில் பட்டது. குப்தர் கல்வெட்டுகளைத் தொகுத்த ஃப்ளீட் என்ற ஆங்கில அதிகாரி 1888இல் அதைத் தம் தொகுப்பில் வெளியிட்டார். வடமொழிச் செய்யுளில் 44 பாடல்கள். எழுதிய புலவர் வத்ஸபட்டி. அந்தப் பெயர் வேறெங்கும் இல்லை. இந்தக் கல்லால்தான் அவர் வாழ்கிறார். அவர் பாட்டில் காளிதாசனின் சாயல் இருப்பதால், காளிதாசன் இந்தக் கல்லுக்கு முந்தியவன் என்று அறிஞர்கள் காலம் கணித்தார்கள். பார்த்தீர்களா, மகாகவியின் காலத்தைச் சொல்லவும் நெசவாளர் கல் தேவைப்பட்டது.

கதை இதுதான். லாட தேசம், அதாவது இன்றைய தெற்கு குஜராத், பரூச் பக்கம். அங்கே பட்டு நெய்த ஒரு சங்கத்தினர், தசபுரத்து அரசர்களின் நற்குணத்தைக் கேள்விப்பட்டு, முதலில் மனத்தால் அங்கே போனார்களாம். பிறகு பிள்ளை குட்டி, உற்றார் உறவினரோடு உடலாலும் போய்ச் சேர்ந்தார்களாம். நேர்க்கோட்டில் பார்த்தாலே 300 கிலோமீட்டருக்கு மேல். வழித் துன்பத்தைப் பொருட்படுத்தவில்லை என்கிறார் புலவர். வந்த இடத்தில் நன்றாக இருந்தார்கள். பட்டைப் பற்றி ஒரு பாடலும் உண்டு. இளமை, அழகு, பொன்னாரம், வெற்றிலை, பூ எல்லாம் இருந்தாலும், பட்டாடை உடுத்தாமல் ஒரு பெண் தன் அன்பனைக் காணப் போகமாட்டாள் என்ற கருத்து. நம் நாட்டின் பழைய துணி விளம்பரம் என்று அதை வேடிக்கையாகச் சொல்வார்கள். கோயில் கல்வெட்டிலும் சரக்கை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள்.

குமாரகுப்தன் பேரரசன், பந்துவர்மன் உள்ளூர் அரசன். அந்தக் காலத்தில், மாளவ ஆண்டு 493இல், அதாவது கி.பி. 436 அளவில், இந்தச் சங்கம் தன் தொழிலில் சேர்த்த பொருளைக் கொண்டு சூரியனுக்கு ஒரு கோயில் கட்டியது. பிறகு அரசர்கள் மாறினார்கள். கோயிலின் ஒரு பகுதி சிதைந்தது. மாளவ ஆண்டு 529, கி.பி. 473 அளவில், அதே சங்கம் அதைப் பழுதுபார்த்தது. கட்டியதற்கும் புதுப்பித்ததற்கும் நடுவே 36 ஆண்டுகள். கட்டியபோது இருபது வயதில் கல் சுமந்தவனுக்குப் புதுப்பித்தபோது ஐம்பத்தாறு வயது. அவன் பிள்ளைகள் தலையெடுத்துவிட்ட காலம்.

இப்போதுதான் முக்கியமான இடம். தசபுரத்துக்கு வந்தபின் அந்தச் சங்கத்தார் என்னவெல்லாம் ஆனார்கள் என்று கல் பட்டியல் போடுகிறது. சிலர் வில்வித்தையில் தேர்ந்தார்கள். சிலர் கதை சொல்வதில் வல்லவர்கள் ஆனார்கள். சிலர் அறநெறி பேசுவதில் ஈடுபட்டார்கள். சிலர் சோதிடம் கற்றார்கள். சிலர் போர் வீரர்கள் ஆனார்கள். சிலர் தம் தொழிலான பட்டு நெசவிலேயே மேலோங்கி நின்றார்கள். இவ்வளவு பேரையும் சேர்த்துத்தான் கல் 'சங்கம்' என்கிறது.

இந்தப் பட்டியலை நான் இன்று எழுதக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் பழைய மாணவர் ஒருவர் எனக்குத் தனியே செய்தி அனுப்பினார். பெயர் வேண்டாம். இப்போது கணினித் துறையில் நல்ல வேலையில் இருக்கிறார். 'அப்பா போனதும் தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம் சார். குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஏழெட்டுத் தலைமுறைத் தொழில் என்னோடு முடிந்துவிட்டதே. இனிமேல் நாங்கள் யார்?' என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் 'நன்றாகப் படி, தறியில் உட்காராதே' என்று அந்த வகுப்பில் சொன்ன பெரியவர்களில் உங்கள் அப்பாக்கள் எல்லாரும் உண்டு. நானும் உண்டு. இன்றும் அதையேதான் சொல்வேன். ஒரு நாள் முழுக்கக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து முதுகும் கண்ணும் போன ஒருவர், தன் பிள்ளைக்கு வேறு வழி தேடுவது துரோகம் இல்லை.

ஆனால் 'நாங்கள் யார்' என்ற கேள்விக்குப் புத்தி சொல்லிப் பதில் சொல்ல முடியாது. சான்று காட்டித்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பட்டியலை வரலாற்று அறிஞர்கள் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். ஆர்.எஸ். சர்மா போன்றவர்கள் இதைச் சரிவின் அடையாளமாகக் கண்டார்கள். தூர தேச வாணிபம் தளர்ந்தது, ரோமப் பேரரசு நலிந்தபின் பட்டுக்குப் பழைய சந்தை இல்லை, ஆகவே நெசவாளர்கள் துறைமுகப் பகுதியை விட்டு உள்நாட்டுக்கு வந்தார்கள், தொழிலையும் விட்டார்கள் என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம்தான். கல்லில் 'அரசனின் நற்குணம்' என்று எழுதியிருந்தாலும், முந்நூறு கிலோமீட்டர் குடும்பத்தோடு நடக்கிறவனுக்கு வயிற்றுக் காரணமும் இருந்திருக்கும். நம் ஊரிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்களைக் கேட்டால் தெரியும்.

இன்னொரு படிப்பு, கல்லின் தொனியைக் கவனிப்பது. அழுது எழுதிய கல் அல்ல அது. வில்லேந்தியவனையும் கதை சொல்பவனையும் சோதிடனையும் நெசவாளனையும் ஒரே மூச்சில், ஒரே பெருமையோடு சொல்கிறது. கோயில் கட்டக் காசு சேர்ந்திருக்கிறது. 36 ஆண்டு கழித்துப் பழுதுபார்க்கவும் காசு இருந்திருக்கிறது, ஒற்றுமையும் இருந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தொழில் சுருங்கியிருக்கலாம், சங்கம் சுருங்கவில்லை. பணம் தறியிலிருந்து வந்தது. ஆனால் 473இல் கோயிலைச் சரிசெய்ய வந்து நின்றவர்களில் தறி தொடாதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டியது எது? நாம் சேர்ந்து ஒன்று கட்டினோம், அது இடிந்தால் நாம்தான் எடுத்துக் கட்ட வேண்டும் என்ற பொறுப்பு.

இதற்கு இன்னொரு துணைச் சான்றும் உண்டு. கி.பி. 465இல், ஸ்கந்தகுப்தன் காலத்தில், இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இந்திரபுரம் என்ற ஊர். அங்கே சூரியன் கோயில் விளக்குக்காக ஒருவர் வைத்த வைப்பு எண்ணெய் ஆட்டுபவர்களின் சங்கத்திடம் கொடுக்கப்பட்டது. அந்தச் செப்பேட்டில் ஒரு நிபந்தனை: இந்தச் சங்கம் ஊரை விட்டு வேறிடம் போனாலும், ஒற்றுமையாக இருக்கும்வரை இந்தக் கடமை அதற்கு உண்டு. ஊர் மாறினாலும் சங்கம் சங்கம்தான். ஒற்றுமை போனால்தான் சங்கம் போச்சு. 1,500 ஆண்டுக்கு முன்பே இதைச் சட்ட வாசகமாக எழுதிவிட்டார்கள்.

நம் மதுரை, கும்பகோணம், சேலம், பரமக்குடி சௌராஷ்டிர உறவுகள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள். குஜராத் பக்கமிருந்து பட்டோடு தெற்கே வந்தவர்கள் என்ற மரபு அவர்களிடம் உண்டு. அவர்களில் பலர் மந்தசோர் கல்லைத் தங்கள் முன்னோர் கதையாகவே படிக்கிறார்கள். நேர் வாரிசு என்று நிறுவும் ஆவணம் கல்லில் கிடையாது. ஆனாலும் மொழியைக் கையோடு கொண்டுவந்து, புது ஊரில் தறி போட்டு, கோயில் கட்டி, பள்ளிக்கூடம் கட்டி வாழ்ந்த முறையைப் பார்த்தால் அந்தக் கல்லில் உள்ளவர்களுக்கு இவர்கள் அந்நியர்களாகத் தெரியமாட்டார்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த அக்டோபரிலேயே நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. எந்த நகரத்தில்? பம்பாயிலும் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. நம் காஞ்சிபுரத்தில். உத்தம சோழன் செப்பேட்டைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 1912இல் வந்த சட்டம், கடன் தவிர்த்த பிற கூட்டுறவுகளுக்கும் வழி திறந்தது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது. உங்கள் அப்பாக்கள் சனிக்கிழமை சேலையை மடித்துத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போன சங்கமெல்லாம் இந்த வரிசையில் வந்தவை. பாவும் பட்டும் ஜரிகையும் எடை போட்டு வாங்குவது, நெய்த சேலையை எடை போட்டுக் கொடுப்பது, கூலியில் கொஞ்சம் சேமிப்புக்குப் பிடிப்பது, தீபாவளிக்குப் போனஸ். சங்கம் இல்லாத காலத்தில் முதலாளி சொன்னதே கூலி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய முன்பணம் அடையும்வரை வேறு இடத்தில் நெய்ய முடியாது. அந்தக் கட்டைத் தளர்த்தியதில் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாச் சங்கமும் உத்தமம் என்று சொல்லவில்லை. தேர்தல் சண்டை, தேங்கிய சரக்கு, நிலுவைக் கூலி எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். அதனால்தான் யாக்ஞவல்கியர் அன்றே கையாடலுக்கு அவ்வளவு கடுமையாக எழுதினார். பொதுப் பணமும் பொது நம்பிக்கையும் உள்ள இடத்தில் தவறும் நடக்கும். விதி வேண்டும், கணக்கு வேண்டும், கேட்க ஆள் வேண்டும். கேட்கிற ஆட்கள் எல்லாரும் வெளியூர் போய்விட்டால் கணக்கு யாருக்குக் காட்டப்படும்?

ஆகவே அந்த மாணவருக்கு நான் எழுதிய பதிலை உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். தம்பி, தறியைப் பிரித்ததால் நீ யாரும் இல்லாதவன் ஆகிவிடவில்லை. தசபுரத்தில் வில் பிடித்தவனும் பட்டு நெசவாளர் சங்கத்தான்தான். ஆனால் அவன் ஒரு காரியம் செய்தான். கோயில் இடிந்தபோது 'எனக்கென்ன, நான்தான் தொழிலை விட்டுவிட்டேனே' என்று இருந்துவிடவில்லை. நம் ஊரில் இன்றும் நெய்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேராகச் சங்கத்தில் ஒரு சேலை வாங்கு. ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தர வேண்டுமா, எழுதிக்கொடு. நெய்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் குறைகிறதா, நாலு பேர் சேர்ந்து கட்டுங்கள். உன்னுடைய வில்வித்தை எதுவோ அதைக் கொண்டுவா.

உறவினர்களுக்கும் மாணவர்களுக்கும் கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் பரணிலோ பீரோவிலோ அப்பாவின் பழைய சங்கப் பாஸ்புத்தகம், பங்குச் சீட்டு, கூலி எழுதிய நோட்டு ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். அம்மாவும் பாட்டியும் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை தார் சுற்றினீர்கள், எத்தனை வயதில் தொடங்கினீர்கள், யார் கற்றுக்கொடுத்தார்கள், கூலி யார் கையில் வந்தது. அவர்கள் சொல்வதைத் தேதியும் பெயரும் போட்டு எழுதிவையுங்கள். தசபுரத்தார் கல் வெட்டினார்கள். அதில் பெண்கள் பட்டு உடுத்தியது இருக்கிறது, நூலுக்கு உழைத்தது இல்லை. நம் நோட்டில் அந்தக் குறை இருக்கக் கூடாது.

எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். சிவப்பு மையால் திருத்தமாட்டேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.